சட்டைப்பையில் இருந்தவை

ஊறப்போடும் முன் பைகளைத் துழாவுவேன்.
ஒரு பேனா போதும், எட்டுச் சட்டைகளைக் கெடுக்க.

பராகுவே ஆற்றங்கரையில், பிலார் ஊரில்,
முப்பத்தொரு வருடமாக வெளுக்கிறேன்:
ஆலைக்காரர்களுக்கு, துறைமுகக் காவலர்களுக்கு,
இரண்டு பல் வைத்தியர்களுக்கு, ஒரு பாதிரியாருக்கு.
பைகளில் சில்லறை, லாட்டரிச் சீட்டு,
ஒரு தடவை ஒற்றைத் தோடு
(யாருடையது என்று கேட்கவில்லை).
அப்புறம் கட்சி அட்டைகள்.

இங்கே பிள்ளை பிறந்தால்
மூக்கு யார் சாயல் என்றுதான் பார்ப்பார்கள்.
கட்சி யார் சாயல் என்று பார்க்க வேண்டியதில்லை.
சிவப்பு வீட்டில் சிவப்பு, நீல வீட்டில் நீலம்,
கழுத்துக் கைக்குட்டையிலிருந்து
சவப்பெட்டி மேல் விரிக்கிற துணிவரை.

பைக்குள் கைவிட்டவளுக்குத் தெரியும்.
பசிலீசியோ வீட்டு வாசற்கதவே சிவப்பு;
அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் உள்பையில்
நான்காக மடித்த நீல அட்டை.
நிமியா டீச்சரிடம் இரண்டும் உண்டு.
ஒன்று வேலைக்கு, ஒன்று அப்பாவுக்கு.
எது எதற்கு என்று நான் யோசித்ததில்லை,
யோசித்ததில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்துவிட்ட அட்டையைச்
செய்தித்தாள் நடுவே வைத்து
ஆறிய இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி
இருந்த பையில், இருந்த மடிப்பிலேயே வைப்பேன்.
காசு கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள்.
என் முகம் கொடியில் காயும் துப்பட்டி.

"நீ என்ன நிறம், எலீஹியா?"
"வெயில் அடித்தால் காயும் நிறம்."
சிரித்துவிட்டுப் போவார்கள்.
வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் விடுவதைக்கூட
கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வேன்.

போன ஆகஸ்டில்
பள்ளிக்கூடச் சுவரில் உறுப்பினர் பட்டியல் ஒட்டினார்கள்.
செத்தவர்கள் பதினேழு பேரை எண்ணினேன்.
எல்லாரும் நான் சட்டை துவைத்தவர்கள்.
அதற்கும் கீழே: ஓவெலார், எலீஹியா.
வரிசை எண் இரண்டாயிரத்து இருநூற்று ஆறு.
சிவப்பில்.

சாயங்காலமே ரொட்டிக்கடையில்
வரிசையைத் தாண்டி எனக்கு முதல் ரொட்டி.
நீலப் பல் வைத்தியரின் மூட்டை
அந்த வாரம் வரவில்லை,
அடுத்த வாரமும்.

கட்சி அலுவலகத்தில் குமெர்சிந்தோ
விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் காட்டினான்.
கையெழுத்து என்னுடையதைவிட அழகு.
என் பெயரின் கடைசி எழுத்தை
நான் ஒருநாளும் சுழித்து மூடியதில்லை.
அதில் மூடியிருந்தது.

"விலகல் படிவம் இருக்கிறதே, அக்கா."
"சேராதவள் எப்படியப்பா விலகுவாள்?"
"காரணம் என்று ஒரு கோடு. அதை மட்டும் நிரப்பணும்."
அவன் போட்டிருந்த சட்டைக் காலருக்குக்
கஞ்சி போட்டது நான்.

அந்தக் கோடு ஒரு சாண்கூட இல்லை.
அதன் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது:
இத்தனை வருடம் ஊராரின் அட்டைகளைக் காத்தேனே,
அவர்களுக்காகவா,
என்னுடையதை ஒளிக்கப் பழகுவதற்கா?

ஏனென்றால் எனக்கும் ஒன்று இருக்கிறது.
மலிவான மஞ்சளில் கொடி,
ஒரு துவைப்புக்குத் தாங்காத சாயம்.
வெள்ளத்து வருடம் கூடாரத்தில் எங்களோடு படுத்து
யார் யார் வீடு போனது என்று
நோட்டில் எழுதிக்கொண்டவளின் கட்சி.
அவள் ஒரு போர்வைகூடக் கொண்டுவரவில்லை.
பெயர்களை மட்டும் சரியாக எழுதினாள்.
எங்கள் ஊரில் அதற்குப் பதினோரு ஓட்டு விழும்.
மற்ற பத்துப் பேர் யாரென்று தெரியாது.
அவர்கள் பைகளில் எதுவும் இருப்பதில்லை.

கோட்டில், "இது என் கையெழுத்து இல்லை" என்று எழுதி
கீழே என்னுடையதைப் போட்டேன்,
கடைசி எழுத்தைத் திறந்தே விட்டு.

"அப்படியானால் நீங்கள் என்னதான், அக்கா?"

சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.
சட்டமும் அப்படித்தான் சொல்கிறதாம்.
சொன்னேன்.
குவாரானியில், கொஞ்சம் சத்தமாக,
ஆற்றின் அக்கரைக்குத் துணி கேட்கிற குரலில்.

குமெர்சிந்தோ முத்திரையைத் தேடினான்.
எனக்குப் பின்னால் வரிசையில்
யாரோ இருமினார்கள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பத்தில் ஒருவராக இருக்கலாம்.
வெறும் இருமலாகவும் இருக்கலாம்.